மருந்தென்று பெயரிட்ட நஞ்சு

(காரைதீவில் கமக்காரரும் ஆசிரியரும் வைத்தியரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் நஞ்சு. பாம்பின் பல்லிலும் தேளின் கொடுக்கிலும் உள்ள நஞ்சைப் பற்றி உங்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாக நாம் அறிந்த பகை அது. நாம் பேச வந்தது போத்தலில் அடைக்கப்பட்டு, கடையில் விலை கூறப்பட்டு, போகத்துக்குப் போகம் நம் தோளில் ஏறி வயலுக்கு வருகிற நஞ்சைப் பற்றி. அந்த நஞ்சு எவ்வளவு கொடியது என்பது ஒரு கேள்வி. அதை நாம் எவ்வாறு உணர்கிறோம், அதன் ஆபத்தை நமக்கு யார், எந்த மொழியில், எந்த நேரத்தில் சொல்கிறார்கள் என்பது மற்றொரு கேள்வி. முதற் கேள்விக்கு இரசாயனவியலார் விடை தருவர். இரண்டாவது கேள்வி அரசியற் கேள்வி. ஆகவே அதை இந்த மேடையிலே எழுப்புகிறோம்.

பெயரிலே தொடங்குகிறது மயக்கம்

வயலுக்கு அடிக்கும் பொருளை நாம் என்னவென்று அழைக்கிறோம்? “மருந்து அடிக்கப் போகிறேன்” என்கிறோம், “எண்ணெய் அடித்தாயிற்றா?” என்று அயல் வரம்பில் நிற்பவரைக் கேட்கிறோம். சிங்களக் கமக்காரரும் அதைத் தம் மொழியில் மருந்தென்றே சொல்லுகிறார். பயிருக்கு நோய், நோய்க்கு மருந்து, எனவே அது நல்லது. இந்த எண்ணம் ஒரே ஒரு சொல்லின் வழியாக நம் உள்ளத்தில் நுழைந்து உட்கார்ந்துவிட்டது. அரசாங்கத்து ஏடுகளில் அதற்குப் பீடைகொல்லி, களைகொல்லி என்று பெயர். கொல்லி என்ற சொல்லிலே கொலை இருக்கிறது. வயலில் வழங்கும் சொல்லிலோ கருணை இருக்கிறது. எழுதிய சொல்லும் வழங்கும் சொல்லும் இவ்வாறு பிரிந்து நிற்கையில் எச்சரிக்கை எப்படி உள்ளத்தில் ஏறும்?

“அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு” என்றனர் நம் முன்னோர். எந்தப் பொருளையும் நஞ்சாக்குவது அதன் அளவே என்று பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவர் பரசெல்சசும் சொன்னார். இன்றைய நச்சியலின் அடிப்படையும் அதுதான். ஆனால் மருந்தென்று பெயர் கொண்ட பொருளுக்கு அளவு மிஞ்சுவது குற்றமாக நமக்குத் தோன்றுவதில்லை. ஒரு மூடி போதும் என்று எழுதியிருக்கும் இடத்தில் இரண்டு மூடி ஊற்றினால் இரட்டிப்பு நன்மை என்று எண்ணுகிறோம். மூக்கைத் துளைக்கும் வாடை இருந்தால் வீரியமானது என்றும், வாடை இல்லாவிட்டால் ஆபத்தில்லாதது என்றும் கணக்குப் போடுகிறோம். மூக்கு நல்ல காவலாளிதான். ஆனால் வாடையின்றி வரும் நஞ்சை அது அறியாது.

அஞ்சுவதும் அஞ்சாமையும்

படித்தவர் சிலர், “மக்களுக்கு அறிவில்லை, அஞ்ச வேண்டியதற்கு அஞ்சார், அஞ்ச வேண்டாததற்கு அலறுவர்” என்று எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். இதை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. அமெரிக்க உளவியலறிஞர் போல் சுலோவிக் 1987ஆம் ஆண்டில் இது பற்றி எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. 30 செயல்களையும் தொழில்நுட்பங்களையும் ஆபத்தின் வரிசையில் அடுக்கும்படி பல குழுவினரைக் கேட்டனர். பெண் வாக்காளர் சங்கத்தினர் அணுமின் சக்தியை முதலாவதாக வைத்தனர்; நிபுணர்களோ அதை இருபதாவதாக வைத்தனர். எக்ஸ் கதிர்களை நிபுணர் ஏழாவதாக வைக்க, அப்பெண்கள் இருபத்திரண்டாவதாக வைத்தனர். காரணம் என்ன? நிபுணர் பெரும்பாலும் சாவுகளை எண்ணுகின்றனர். பொதுமக்களோ வேறு சிலவற்றையும் சேர்த்து நிறுக்கின்றனர். இந்த ஆபத்தை நானே விரும்பி ஏற்றேனா, பிறர் என் தலையில் கட்டினரா? இது கண்ணுக்குத் தெரிவதா, தெரியாததா? ஒரே நாளில் ஊரையே அள்ளிச் செல்வதா, ஒவ்வொருவராகக் கொல்வதா? என் பிள்ளைகளையும் பற்றுமா? இவை மூடர் கேட்கும் கேள்விகள் அல்ல.

எக்ஸ் கதிர் வைத்தியசாலையைச் சேர்ந்தது, ஆகவே அச்சமில்லை. பூச்சிமருந்தும் மருந்தெனப் பெயர் பெற்றது, ஆகவே அச்சமில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் எழுந்து இந்தக் கரையோரத்தைச் சூறையாடிய பின்னர், கடல் என்ற சொல்லே நம்மவர் நெஞ்சை நடுங்கவைத்தது. அது இயல்பே. ஒரே காலையில் வந்த சாவு அது. பூச்சிகொல்லியோ தோலின் வழியே, துளி துளியாக, போகத்துக்குப் போகம் உட்புகுகிறது. அதற்கு அலையோசை இல்லை. தலையிடிக்கும், கண் மங்கும், வியர்த்துக் கொட்டும், வாந்தி வரும். “வெயில் பிடித்துவிட்டது” என்று சொல்லிப் படுத்துக்கொள்கிறோம். மறுநாள் எழுந்தால் அந்த நினைவும் போய்விடுகிறது.

ஈராக்கும் கேரளமும் சொல்லும் பாடம்

எச்சரிக்கை இருந்தும் எச்சரிக்கை சென்று சேராவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஈராக் நாடு சாட்சி. 1971ஆம் ஆண்டு அந்நாட்டில் பஞ்சம் நெருங்கியது. வெளிநாட்டிலிருந்து விதைக் கோதுமையும் வாற்கோதுமையும் வந்திறங்கின. பூஞ்சணம் பிடியாதிருக்க அவ்விதைகளுக்கு மெதைல் பாதரசம் என்னும் நஞ்சு ஏற்றப்பட்டு, அடையாளத்துக்குச் சாயமும் இடப்பட்டிருந்தது. சாக்கிலே எச்சரிக்கையும் அச்சிடப்பட்டிருந்தது. எந்த மொழியில்? ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும்! அரபு பேசும் கமக்காரருக்கு அதனால் என்ன பயன்? மண்டையோட்டுப் படமும் அவர்களுக்கு நஞ்சென்று பொருள்படவில்லை. விதைப்புக் காலம் கடந்தபின் தானியம் பல இடங்களுக்கு வந்து சேர்ந்தது. சாயத்தைக் கழுவினால் நஞ்சும் போய்விடும் என்று சிலர் கழுவினர். கோழிக்குப் போட்டுப் பார்த்தனர், கோழி சாகவில்லை, சில நாள் பொறுத்து மாவரைத்து ரொட்டி சுட்டு உண்டனர். அந்த நஞ்சோ வாரக்கணக்கில் உள்ளே பதுங்கியிருந்து பின்னர் தாக்குவது. 6,530 பேர் வைத்தியசாலைகளில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 459 பேர் மாண்டனர் என்பது அதிகாரபூர்வமான கணக்கு.

நண்பர்களே, அந்தக் கமக்காரர் மடையரா? கோழிக்குப் போட்டுச் சோதித்தவரை மடையர் என்று எவ்வாறு சொல்வது? தம் கையிலிருந்த அறிவு முழுவதையும் அவர்கள் பயன்படுத்தினர். அவர்கள் கைக்கு எட்டாத அறிவு அந்நிய மொழியில் சாக்கின்மேல் கிடந்தது. குற்றம் யாருடையது?

அயலிலுள்ள கேரளத்தைப் பாருங்கள். 1958ஆம் ஆண்டில் பொலிடோல் என்று நாம் அறிந்த பரத்தியோன் நஞ்சும் கோதுமை மாவும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டன. நஞ்சு கசிந்து மாவிற் கலந்தது. அதை உண்டவருள் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்தச் சாவுகளின் பின்னரே விசாரணைக் குழு அமைந்தது. அதன் விளைவாகவே 1968ஆம் ஆண்டில் இந்தியாவின் பூச்சிகொல்லிச் சட்டம் பிறந்தது. பிணங்களை எண்ணிய பிறகே சட்டம் எழுதப்படும் என்பது உலக வழக்கமாகி நிற்கிறது.

நம் நாட்டுக் கணக்கு

நம் நாட்டிலும் அப்படித்தான். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1982இல் டொக்டர் ஜெயரத்தினமும் அவருடன் ஆய்ந்தோரும் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் ஒரு கணக்கை வெளியிட்டனர். பூச்சிகொல்லி நஞ்சினால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 13,000 பேர் இலங்கை வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்படுகின்றனர். ஏறத்தாழ 1,000 பேர் இறக்கின்றனர் என்றது அது. அவர்களிற் பெரும்பாலோர் மனத் துயரத்தின் உச்சத்தில் கைக்கெட்டிய போத்தலை எடுத்தவர்கள். ஏறத்தாழக் காற்பங்கினர் தொழிலாலும் தற்செயலாலும் நஞ்சுக்கு இரையானவர்கள்.

அதன் பின்னர் நடந்ததை ஒவ்வொருவரும் அறிய வேண்டும். 1984இல் பரத்தியோன் விலக்கப்பட்டது. 1995இல் மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் முதலிய கொடிய நஞ்சுகளின் இறக்குமதிக்குக் கதவடைக்கப்பட்டது. 1998இல் எண்டோசல்பான் தடுக்கப்பட்டது. 2008 தொடக்கம் பரகுவாட், டைமெதோயேட், பென்தியோன் ஆகியனவும் படிப்படியாக நீக்கப்பட்டன. பயன் என்ன? 1995இல் இலட்சம் பேருக்கு 47 பேர் என்றிருந்த உயிர்மாய்ப்பு விகிதம் 2005க்குள் பாதியாயிற்று. 1995 முதல் 2015 வரை 93,000 உயிர்கள் இவ்வாறு காக்கப்பட்டன என்று ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். நெல் விளைச்சல் இதனால் வீழ்ந்துவிடவில்லை.

இதிலே ஒரு பெரும் உண்மை அடங்கியிருக்கிறது. மிகக் கொடிய நஞ்சைக் கடையிலிருந்து அகற்றிய சட்டமே அந்த உயிர்களைக் காத்தது. ஆகவே, “மக்களுக்கு அறிவூட்டினால் போதும்” என்று சொல்லிப் பொறுப்பைக் கமக்காரன் தலையில் இறக்கிவைக்க எந்த அரசாங்கத்தையும் நாம் அனுமதிக்கலாகாது. எச்சரிக்கை வேண்டும், ஆனால் எச்சரிக்கை சட்டத்துக்குப் பதிலாகாது.

ஆட்டம் காணும் அரசு, நம்பிக்கை இழக்கும் மக்கள்

சட்டத்திலே இவ்வளவு நன்மை செய்த நாடு, மக்களோடு பேசுவதிலே எவ்வளவு தடுமாறியது என்பதையும் சொல்லவேண்டும். வடமத்திய மாகாணத்தில் 1990களில் தென்பட்ட சிறுநீரக நோய் பல்லாயிரம் கமக்காரக் குடும்பங்களை அழவைத்தது. 2011இல் களனிப் பல்கலைக்கழகத்தினர் சிலர் ஆர்சனிக்கே காரணம் என்றனர். 2013இல் வெளிவந்த உலக சுகாதார நிறுவன ஆய்வு கட்மியத்தையும் வேறு சிலவற்றையும் சுட்டியது. 2014இல் வன்னீரும் கிளைபோசேட்டும் கூடிச் செய்யும் கேடு இது என்று ஒரு கருத்து எழுந்தது. ஒரே காரணம் இதுதான் என்று விஞ்ஞான உலகம் இன்றும் உறுதியாய் ஒப்பவில்லை. ஆயினும் 2015இல் கிளைபோசேட் தடுக்கப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விடப்பட்டது. 2022இல் தடை நீங்கியது. இடையே 2021 மே மாதத்தில் இரசாயன உரமும் பீடைகொல்லியும் ஒரே வர்த்தமானியால் நிறுத்தப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அந்த ஆணை கைவிடப்பட்டது.

கமக்காரன் இதிலிருந்து எதைக் கற்றுக்கொள்வான்? நேற்றுக் கொடிய நஞ்சென்றார்கள். இன்று வாங்கி அடிக்கலாம் என்கிறார்கள். நாளை என்ன சொல்வார்களோ என்று எண்ணுவான். தடை சரியா தவறா என்பதை விடப் பெரிய கேடு அதுவே. உறுதியானதை உறுதியானதென்றும், ஐயமுள்ளதை ஐயமுள்ளதென்றும், எந்தக் காரணத்தால் இந்த முடிவு எடுத்தோம் என்றும் ஆள்வோர் மக்கள் முன் வந்து சொல்லியிருக்க வேண்டும். “இன்னும் ஆராய்கிறோம், அதுவரை இந்த அளவு எச்சரிக்கையாக இருங்கள்” என்று சொல்வதால் எந்த அரசும் கவிழ்ந்துவிடாது. மறைத்தால்தான் கவிழும். 2021இல் கொழும்புக் கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தபோது மீன் வாங்க மக்கள் தயங்கினர். தெளிவான சொல் விரைந்து வராத இடத்தில் வதந்தி முந்திக்கொள்ளும். அதற்கான விலையை மீனவன் கொடுத்தான்.

எச்சரிக்கை நம் மொழியில் வரவேண்டும்

இனி நம் ஊருக்கு வருவோம். இந்த மண்ணில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் யாழ் நூல் தந்தவர் என்று போற்றுகிறோம். அவர் விஞ்ஞானப் பட்டதாரியும் ஆவார் என்பதை மறந்துவிடுகிறோம். 1930களில் சென்னையில் தமிழ்க் கலைச்சொற்களை ஆக்கும் பெருமுயற்சி நடந்தபோது அதில் முன்னின்று உழைத்தவர் அவர். விஞ்ஞானம் தமிழன் வீட்டுத் திண்ணைக்கு வரவேண்டும் என்பதே அந்த உழைப்பின் பொருள். நஞ்சுப் போத்தலின் மேலுள்ள சுட்டுத்துண்டும் ஒரு விஞ்ஞான நூலே. அதைத்தான் நம் கமக்காரன் வேறெந்த நூலையும்விட அடிக்கடி கையில் எடுக்கிறான். அது அவனுக்கு விளங்குகிறதா?

1956இலிருந்து மொழியுரிமைக்காக இந்த மக்கள் கொடுத்த விலை சிறிதன்று. 1987இல் பதின்மூன்றாந் திருத்தத்தின்மூலம் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆயினும் ஏட்டில் இருக்கும் உரிமை போத்தலில் எப்படி இருக்கிறது? எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்து. அகராதியைப் பார்த்து மொழிபெயர்த்த வாக்கியம். வயலில் எவரும் வழங்காத சொல். எழுத்து இருக்கிறது, பேச்சு இல்லை. கண்ணாடி அணிந்த பட்டதாரிக்கே படிக்க முடியாததை, வெயிலிலே ஈரக்கையோடு நிற்கும் முதியவர் எப்படிப் படிப்பார்? சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நஞ்சின் கொடுமையை நிறப்பட்டையால் காட்டும் முறையும் உலகில் இருக்கிறது. பச்சை என்பது கொடுமை குறைந்தது என்றே பொருள்படும். பச்சை கண்டால் பயிர் செழிப்பு என்று மகிழும் நம் கண்ணுக்கு, அது தீங்கே இல்லாதது என்று தோன்றாதா? இதை எவராவது நமக்கு விளக்கினரா?

ஈராக்கியச் சாக்கு நெடுந்தொலைவில் இல்லை, நண்பர்களே!

“கையுறை அணிக, முகமூடி அணிக, முழு அங்கி அணிக” என்று எழுதிவிட்டால் கடமை தீர்ந்தது என்று கம்பனிகள் கருதுகின்றன. சித்திரை வெயிலில் சிறுபோக வயலில் அந்த அங்கியை அணிந்து ஒரு மணி நேரம் நிற்க எவரால் முடியும்? செய்ய முடியாத அறிவுரை, அறிவுரை கூறியவரைச் சட்டத்திலிருந்து காப்பாற்றும். கேட்டவரை நஞ்சிலிருந்து காப்பாற்றாது. அன்றியும் நமக்கு அறிவுரை கூறுபவர் பெரும்பாலும் யார்? நஞ்சை விற்கும் கடைக்காரரே. கடனுக்குத் தந்து, வேளாண்மை வெட்டியபின் வாங்கிக்கொள்பவர் அவர். அவரை நாம் பகைக்கவில்லை. ஆனால் விற்பவன் வாயால் மட்டும் ஆபத்தை அறியவேண்டிய நிலை எந்தச் சமூகத்துக்கும் ஆகாது.

செய்யவேண்டியவை

ஆகவே நாம் கோருவன இவை.

முதலாவது, கமக்காரர் நாவில் வழங்கும் தமிழில், பெரிய எழுத்தில், படத்தோடு எச்சரிக்கை அச்சிடப்பட வேண்டும். அதை வெளியிடுமுன் கமக்காரர் சிலரிடம் காட்டி, விளங்குகிறதா என்று கேட்டறிய வேண்டும்.

இரண்டாவது, கமநல சேவை நிலையங்கள்தோறும் தமிழில் பேசத்தக்க போதனாசிரியர் போதிய அளவில் இருக்கவேண்டும். போகம் தொடங்குமுன் வட்டைக்கே வந்து பேசவேண்டும்.

மூன்றாவது, நீரிலும் நெல்லிலும் மரக்கறியிலும் நஞ்சின் எச்சம் பற்றி அரசாங்கம் செய்யும் சோதனைகளின் முடிவுகள் மூன்று மொழியிலும் வெளிவர வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. படித்தவர்கள் அதைப் பயன்படுத்திக் கேட்கவேண்டும்.

நான்காவது, தடை விதிக்குமுன்னும் நீக்குமுன்னும் பயிர் செய்வோரை அழைத்துப் பேசவேண்டும். மாற்று வழி என்ன என்பதையும் உடன் சொல்லவேண்டும்.

அரசாங்கத்தைக் கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. வைத்தியர்களே, தலைச்சுற்றோடு வரும் கமக்காரரிடம் “நேற்று என்ன அடித்தீர்கள்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நஞ்சுண்டவரை, நஞ்சேறியவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வோர் அந்தப் போத்தலையோ அதன் சுட்டுத்துண்டையோ மறவாது உடன் கொண்டுசெல்லுங்கள். நஞ்சின் பெயர் தெரிந்தால் மாற்று மருந்து விரையும். ஆசிரியர்களே, பிள்ளைகளுக்குச் சுட்டுத்துண்டைப் படிக்கக் கற்பியுங்கள்; அவர்கள் வீட்டில் வாசித்துக் காட்டுவர். கமக்காரச் சகோதரர்களே, காற்றுக்கு எதிரே நின்று அடிக்காதீர்கள். நனைந்த சாரத்தோடு வீடு வராதீர்கள். நஞ்சு பெரிதும் தோலின் வழியாகவே ஏறுகிறது. அடிக்கும்போது வெற்றிலை போடாதீர்கள். வெறும் போத்தலில் மண்ணெண்ணெயும் வாங்காதீர்கள், தண்ணீரும் நிரப்பாதீர்கள். பூட்டிய பெட்டியில் வையுங்கள். மனம் நொந்த ஒரு கணத்துக்கும் அந்தப் போத்தலுக்கும் இடையே ஒரு பூட்டு இருந்தால் ஓர் உயிர் தப்பும்.

இன்னுமொன்று. கல்லோயா நீர் இங்கினியாகலையிலிருந்து புறப்பட்டுச் சிங்களக் குடியேற்றங்களின் ஊடாக, சம்மாந்துறை, நிந்தவூர், காரைதீவு வெளிகளைத் தொட்டுக் கடலை அடைகிறது. மேல் வாய்க்காலில் ஊற்றிய நஞ்சு கீழ் வாய்க்காலில் எவன் இனம், எவன் மதம் என்று கேளாது. ஆகவே இதைத் தமிழர் தனித்தும் முஸ்லிம்கள் தனித்தும் தீர்க்க முடியாது. காரைதீவுக் கோயிலின் ஒலிபெருக்கியும் சாய்ந்தமருதுப் பள்ளிவாசலின் ஒலிபெருக்கியும் ஒரே செய்தியை ஒரே தமிழில் சொல்லட்டும். வட்டவிதானைமாரும் பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் கோயில் வண்ணக்கர்மாரும் ஓரிடத்தில் அமர்ந்து போகத்துக்கு ஒருமுறை இதைப் பேசட்டும். தமிழ் பேசும் மக்கள் என்று மேடைகளில் முழங்குகிறோம். அந்தச் சொல்லுக்கு வயல் வரம்பிலே பொருள் உண்டாகட்டும்.

அஞ்சுவது அஞ்சாமை பேதைமை என்று நம் பெரியோர் வகுத்தனர். எதற்கு அஞ்சவேண்டும், எவ்வளவு அஞ்சவேண்டும் என்பதை அறியும் உரிமை உழவனுக்கு உண்டு. அதைச் சொல்லவேண்டிய கடமை ஆள்வோருக்கு உண்டு. அந்த உரிமையைக் கேட்டுப் பெறுவோம். வரும் பெரும்போகத்துக்கு விதை எடுக்குமுன் இந்தக் கோரிக்கைகளை எழுத்தில் வடித்து, கமநல சேவை நிலையத்திலும் பிரதேச சபையிலும் கையளிப்போம். விடை வரும்வரை விடாது கேட்போம்.